பழைய பிக்கப்பின் போல்ட்டுகள்: புதிதாக வாங்குவதா, பட்டறைக்குக் கொடுப்பதா, வீட்டிலேயே ஜிங்க் போடுவதா?

பெரியப்பாவின் மஹிந்திரா எஃப்சி-150 பிக்கப்பைப் பிரித்துப்போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஏற்றி ஓய்ந்த வண்டி. கேபின் டிங்கரிங் முடிந்தது, எஞ்சின் வேலையும் முடிந்தது. பெயிண்ட் அடித்துப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்திருந்தபோது வேலை போல்ட்டில் வந்து நின்றது. பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியின் போல்ட், நட்டு, வாஷர், கிளிப்பையும் முட்டை அட்டைக் குழிகளில் போட்டு, பக்கத்தில் பேனாவால் இடத்தை எழுதி வைத்திருந்தேன். பதினோரு அட்டைகள். எல்லாமே துருவும் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரே பழுப்பு நிறம். புதுப் பெயிண்ட் அடித்த கேபினில் அவற்றை அப்படியே போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம் என்று தேடியதில் ஐந்து வழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் கொஞ்சமாவது செய்து பார்த்துவிட்டேன். பழைய ஜீப்போ மெட்டடோரோ பிரித்துப் போட்டிருப்பவர்களுக்கு என் கணக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் முடிவு அதிலிருந்துதான் தொடங்குகிறது. 1956 கடைசியில் அமெரிக்காவில் வில்லிஸ் கொண்டுவந்த வடிவம் இது. டிரைவர் முன் ஆக்சிலுக்கு மேலேயே உட்காருவார், எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும், வீல்பேஸ் 81 அங்குலம்தான். மஹிந்திரா இதை 1965 முதல் இங்கே செய்தது. எஞ்சின் 134 கன அங்குல ஹரிக்கேன், ஏறத்தாழ 2.2 லிட்டர். அமெரிக்க வடிவம் என்பதால் மரைகள் எல்லாம் அங்குலக் கணக்கு. இடையில் கைவைத்த மெக்கானிக்குகள் 5/16 அங்குலத் துளைகளில் 8 மி.மீ. போல்ட்டைத் திணித்து வைத்திருந்தார்கள். விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் இறுகும், ஸ்பேனரை வைத்துத் திருகினால் மரை போய்விடும். என் வண்டியில் அப்படி ஏழு இடம். ஆகவே எந்த முலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு மரை கேஜ் வாங்கி ஒவ்வொரு போல்ட்டையும் அளந்துவிடுங்கள். தப்பான போல்ட்டைப் பளபளப்பாக்கித் திரும்பவும் மாட்டுவதில் பயனில்லை.

அளந்து முடித்ததும் நான் துருவின் அளவைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் துரு ஒரு பக்கம், நிறையத் துரு ஒரு பக்கம். எங்கள் ஊர் லேத் பட்டறைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஏங் கண்ணு, ஸ்டியரிங் போல்ட்டுக்கு எதுக்கு முலாம்? அதைப் புதுசா வாங்கிப் போடு. இந்தச் சங்கிலிக் கொண்டிக்குப் போடு, இதைத்தான் எந்தக் கடையிலயும் வாங்க முடியாது."

"எல்லாத்துக்கும் ஒண்ணாப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதுங்கய்யா."

"வேலை முடியும். வண்டி மலை எறங்கறப்ப?"

அன்றைக்கே அட்டைகளைக் கவிழ்த்து, அந்தப் போல்ட் எதைப் பிடித்திருக்கிறது என்ற கணக்கில் மறுபடி பிரித்தேன். பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் யு-போல்ட், வீல் ஸ்டட், ஜாயின்ட் ஷாப்ட் போல்ட் ஒரு குவியல். கேபின், மட்கார்டு, பாடியைப் பிடிக்கும் சாதாரணப் போல்ட்டுகள் இரண்டாவது. கொண்டி, கீல், கதவுப் பூட்டின் தகடுகள், சங்கிலிக் கொக்கி, ஒயர் கிளிப், தலை வித்தியாசமான ஸ்க்ரூ எல்லாம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

முதல் குவியலுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். இரும்பை ஆசிட்டில் முக்கும்போதும், முலாம் தொட்டியில் கரண்ட் பாயும்போதும் ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு இரும்புக்குள்ளேயே போய்விடும். சாதாரண மென்மையான போல்ட்டை அது ஒன்றும் செய்யாது. அதிக வலுவுள்ள ஹைடென்சில் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் அது உள்ளிருந்தே நொய்ந்து போகச் செய்யும். இறுக்கும்போது நன்றாக இருக்கும், சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாதபோது, தலை துண்டாகி விழும். இதைத் தவிர்க்கப் பட்டறைகளில் முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். வீட்டில் தனியாக ஒரு ஓவன் வைத்து அதைச் செய்யலாம். ஆனால் ஹைட்ரஜன் முழுக்க வெளியே போய்விட்டதா என்று பார்க்க வீட்டில் வழியில்லை. போல்ட் தலையில் 10.9, 12.9 என்று இருந்தாலோ, அங்குலப் போல்ட்டில் ஆறு கோடுகள் இருந்தாலோ வீட்டுத் தொட்டிக்குள் போடாதீர்கள். மூன்று கோடு என்றால் கிரேடு 5, அதற்கு இந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் இருக்கும் ஐம்பது வருடப் போல்ட் எத்தனை முறை இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்குவதுதான் ஒரே வழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதுசு எங்கே கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தடை. சாதாரண ஹார்ட்வேர் கடையில் அங்குல மரை கேட்டால் இல்லை என்பார்கள். டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போங்கள். மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் இன்னும் யுஎன்எஃப், யுஎன்சி என்ற அங்குல மரைகள் இருக்கின்றன, அதனால் 5/16, 3/8, 7/16, 1/2 எல்லாம் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். தலையில் கம்பெனி முத்திரையும் கிரேடு கோடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் வண்டியின் பழைய போல்ட்டுகளிலேயே சிலவற்றில் டிவிஎஸ் முத்திரை இருந்தது. அந்த முத்திரைப் போல்ட்டைச் செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966இல் சென்னை பாடியில் உற்பத்தியைத் தொடங்கியது. யாரோ ஒரு மெக்கானிக் அந்தக் காலத்திலேயே நல்ல போல்ட்டாகத் தேடி மாட்டியிருக்கிறார் என்று அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இரண்டாவது குவியலில் பாதிக்கு மேல் அப்படிச் செய்யலாம், தப்பில்லை. வண்டியை ஓட்டத்தான் போகிறீர்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்றால் நேரமும் மிச்சம். ஆனால் பழைய போல்ட்டின் தலை உயரம், முனை வடிவம், சேர்ந்தே வரும் வாஷர் எல்லாம் இன்றைய போல்ட்டில் வராது. உலகப்போர் காலத்து ஃபோர்டு ஜீப்களில் போல்ட் தலையிலேயே எஃப் என்ற எழுத்தை அடித்திருப்பார்கள். அதை வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துள்ள போல்ட்டுக்காக வருடக்கணக்கில் தேடுகிறார்கள். மஹிந்திராவில் அந்த அளவு இல்லை என்றாலும் மூன்றாவது குவியலில் இருப்பவை எந்தக் கடையிலும் கிடைக்காது. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்த ஒரே கீல் என்னிடம் இருந்ததைவிட மோசமாகத் துருப்பிடித்திருந்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். துரு வராது, உண்மைதான். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் வலு 8.8 போல்ட்டைவிடக் குறைவு. இறுக்கும்போது மரையும் மரையும் ஒட்டிக்கொண்டு நடுவழியில் சிக்கிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரும்புத் தகட்டில் ஈரத்தோடு இருந்தால் போல்ட் பளபளப்பாக நிற்கும், சுற்றியுள்ள தகடு முதலில் துருப்பிடிக்கும். நம்பர் பிளேட்டுக்கும் வைப்பர் மூடிக்கும் போடலாம், அதற்கு மேல் நான் போடமாட்டேன்.

பெயிண்ட் அடிப்பதும் ஜிங்க் ஸ்ப்ரே அடிப்பதும் மலிவு. பெரிய பிராக்கெட்டுக்கு நன்றாகவே நிற்கிறது. போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட நிமிடமே உரிந்துவிடும்.

மிச்சம் பட்டறையா வீடா என்பதுதான்.

கோவையில் ஜாப் ஒர்க் பிளேட்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். போல்ட்டுகளை ஆறுகோணப் பீப்பாய்க்குள் கொட்டி, தொட்டிக்குள் உருட்டி உருட்டி முலாம் ஏற்றுவார்கள். மொத்தமாகப் பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை. முலாமும் சீராக இருக்கும், வெள்ளை, மஞ்சள், கறுப்பு எது கேட்டாலும் கிடைக்கும். தயக்கத்துக்குக் காரணம் வேறு. அவர்களுக்கு வருவது ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான புதுப் போல்ட்டுகள். நம்முடையது நாற்பது விதம் கலந்த, துருப்பிடித்த ஒரு பை. நான் ஆறு கிலோ கொடுத்தேன். திரும்பி வந்தபோது சின்ன கிளிப்புகளில் ஒன்பதைக் காணோம், மெல்லிய தகடு ஒன்று பீப்பாயில் மாட்டி வளைந்திருந்தது, துருப் போவதற்காக ஆசிட்டில் அதிக நேரம் போட்டதில் சில ஸ்க்ரூக்களின் மரை முனை மழுங்கியிருந்தது. அவர்கள் வேலையை அவர்கள் வழக்கப்படி செய்தார்கள். அந்தப் பொருட்களை அங்கே கொடுத்ததுதான் தவறு. பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாவது குவியல் மட்டுமே. அதையும் நாமே துரு நீக்கி, எண்ணி, போட்டோ எடுத்து, "ஆசிட்டில் அதிகம் போடாதீங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் தகடுகளைப் பீப்பாயில் போடாமல் கம்பியில் தொங்கவிட்டுப் போடச் சொல்லலாம்.

வீட்டில் போடுவது மூன்றாவது குவியலுக்கு. ஏன் ஜிங்க் என்றால், துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும் உலோகம். ஸ்பேனர் பட்டுக் கீறினாலும் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஜிங்க் அந்தக் கீறலைக் காக்கும். நிக்கல், குரோம் அப்படியல்ல. ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அடியில் இருக்கும் இரும்பைத்தான் துரு முதலில் தின்னும். அதனால் வீட்டில் நிக்கல் முயற்சி வேண்டாம்.

இணையத்தில் எல்லோரும் காட்டுவது வினிகர் தொட்டி. ஒரு லிட்டர் வினிகரில் 100 கிராம் எப்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு ஜிங்க் தகடு. நான் தொடங்கியதும் அதில்தான். அடுப்படியில் இருக்கும் பொருள், அபாயம் குறைவு, பத்துப் பொருளுக்குப் போதும். ஆனால் முலாம் சாம்பல் நிறத்தில் வரும், ஏறுவதும் மெதுவாகத்தான். கரண்டைக் கொஞ்சம் கூட்டினாலும் ஓரங்கள் கறுத்துப் பொடியாக உதிரும். கொண்டியின் வளைவுக்குள் ஏறவே இல்லை.

பட்டறைகள் பயன்படுத்தும் குளோரைடு தொட்டிக்கு மாறியதும்தான் வித்தியாசம் தெரிந்தது. லிட்டருக்கு ஜிங்க் குளோரைடு 60 கிராம், பொட்டாசியம் குளோரைடு 200 கிராம், போரிக் ஆசிட் 25 கிராம். போரிக் ஆசிட் வேறொன்றுமில்லை, கேரம் போர்டில் தூவும் அதே பவுடர்தான். அமில அளவு பிஎச் 5க்கும் 5.5க்கும் நடுவில் இருக்க வேண்டும், லிட்மஸ் தாள் போதாது, பிஎச் தாள் வாங்குங்கள். பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் நவச்சாரம் போடலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது புகையாக எழும் அதே நவச்சாரம். முலாம் அழகாக வரும், ஆனால் அதற்கு ஒரு கெடுதல் உண்டு, கடைசியில் சொல்கிறேன். உரக்கடையில் ஜிங்க் சல்பேட்டும் பொட்டாஷும் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நெல்லுக்குப் போடும் உரத்தில் இரும்புக் கசடு கலந்திருக்கும், சிவப்புப் பொட்டாஷில் அந்தச் சிவப்பே இரும்புதான். முலாம் கறுப்புத் திட்டுகளோடு வரும். கெமிக்கல் கடையிலேயே வாங்குங்கள். தண்ணீர் பேட்டரித் தண்ணீராக இருக்கட்டும்.

உண்மையில் தொட்டியில் நடப்பது கால் பங்கு வேலை. முக்கால் பங்கு சுத்தம் செய்வது. முதலில் டீசலில் ஊறப்போட்டு பிரஷ் போடுவேன். பிறகு சூடான சோப்புத் தண்ணீர். துருவுக்கு எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி. காலையில் எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்து, தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்ப்பேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. கண்ணாடிப் படலம் போல விரிந்து பொருள் முழுவதையும் மூடி நின்றால் சுத்தம். இந்தப் படலம் வரும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியதுதான். அதன் பிறகு விரல் படக்கூடாது. ஒருமுறை கையுறை இல்லாமல் பிடித்த கீலில் முலாம் ஏறிய பிறகு என் கட்டைவிரல் ரேகை அப்படியே தெரிந்தது. நகத்தால் சுரண்டியதும் அந்த இடம் மட்டும் உரிந்து வந்தது.

கரண்டுக்குப் பழைய பேட்டரி சார்ஜர் ஆகாது, ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை வேண்டும். வீட்டு வழியில் பெரிய செலவு அதுதான். கணக்கு எளிது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் ஜிங்க் ஏறும். 100 சதுர செ.மீ. பரப்புக்கு, அதாவது ஒரு அங்குல நீளமுள்ள 5/16 போல்ட் எட்டுக்கு, ஒரு ஆம்பியர் வைத்து அரை மணி நேரம் விட்டால் 7, 8 மைக்ரான் கிடைக்கும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மரையின் சரிவால் 8 மைக்ரான் முலாம் மரையின் விட்டத்தை 32 மைக்ரான் கூட்டிவிடும், அதைத் தாண்டினால் நட்டு ஏறாது. ஜிங்க் தகடு பொருளின் இரண்டு பக்கமும் இருக்கட்டும், மீன் தொட்டிப் பம்பு ஒன்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொருளைத் திருப்பித் தொங்கவிடுங்கள். குழாயின் உள்பக்கத்துக்கும் நட்டின் உள் மரைக்கும் முலாம் சரியாகப் போகாது, அவற்றுக்கு எண்ணெய்தான். கதவைத் திறந்து வைத்து, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

முலாம் மட்டும் போட்டு விட்டால் ஐப்பசி மழைக்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். அதன் மேல் பாசிவேஷன் என்ற மெல்லிய காப்புப் படலம் வேண்டும். இங்கேதான் மஞ்சள் ஜிங்க் ஆசை வரும், பழைய வண்டிகளில் தங்க நிறத்தில் மினுங்கும் அது. பழைய முறை மஞ்சள், ஆறு இணைதிறன் குரோமியத்தில் செய்வது, புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கிடந்து நிலத்தடி நீரையே மஞ்சளாக்கியது. அதைப் படித்த பிறகு அந்தப் பொடியை வீட்டு வாசலுக்குள் கொண்டுவர என்னால் முடியாது. மூன்று இணைதிறன் குரோமியத்தில் செய்யும் நீல பாசிவேஷன் திரவம் பிளேட்டிங் கெமிக்கல் கடைகளில் கிடைக்கிறது, டிரைவேலன்ட் என்று கேட்டு வாங்குங்கள், அதற்கும் கையுறை போட வேண்டும். மஞ்சள்தான் வேண்டும் என்றால் அந்தப் பொருளைப் பட்டறைக்கே கொடுங்கள். அமெரிக்க வண்டிகளின் பழைய போல்ட்டில் காட்மியம் என்ற விஷ உலோகத்தின் முலாம் இருக்க வாய்ப்புண்டு. மங்கலான தங்கம் அல்லது வெள்ளி நிறத்தில் பழைய முலாம் மிச்சமிருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், சூடாக்காதீர்கள், வினிகரில்கூடப் போடாதீர்கள். ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

நவச்சாரத்தின் கெடுதல் இதுதான். தொட்டி கெட்டுப்போனால் அதைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, மீனுக்கும் மண்ணுக்கும் ஜிங்க் விஷம். பொட்டாசியம் குளோரைடுத் தொட்டி என்றால் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஎச் 9 வரை ஏற்றினால் ஜிங்க் வெள்ளைச் சேறாக அடியில் படிந்துவிடும், வடிகட்டிக் காயவைத்து டப்பாவில் மூடி வைக்கலாம். நவச்சாரம் இருந்தால் அம்மோனியா ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முழுக்கப் படியாது. நொய்யலின் கதி தெரிந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு இந்த ஒரு காரணமே பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கப் போதுமானதாக இருந்தது. படிந்த சேற்றை, தெரிந்த பட்டறைக்காரரிடம் கேட்டு அவர்களுடைய கழிவோடு சேர்த்துக் கொடுத்தேன்.

ஆகவே என் பதினோரு அட்டையில் மூன்றரை அட்டை புதுசு. ஐந்து பட்டறைக்குப் போய், இந்த முறை எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்தது. இரண்டரை அட்டை மட்டும் வீட்டில், அதற்கே எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கைக்கு ஒரே நாள் கிடைக்கும், பொறுமையும் இல்லை என்பவர்கள் மூன்றாவது குவியலையும் கம்பியில் தொங்கவிட்டுப் போடும் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம், அதில் குறை ஒன்றுமில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடலோரத்தில் வண்டி நிற்கும் என்றால் வீட்டு முலாமின் 8 மைக்ரானை நம்ப வேண்டாம். உப்புக்காற்றில் ஜிங்க் சீக்கிரம் கரையும், அதன் மேல் ஒரு கோட் பெயிண்ட்டும் வேண்டும்.

போன வாரம் பின்கதவின் சங்கிலிக் கொண்டியை மாட்டினேன். பெரியப்பா வந்து கையில் வாங்கி, உள்வளைவில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் சங்கிலி உரசித் தேய்ந்த பள்ளம் அங்கே இருக்கிறது. முலாமுக்கு அடியிலும் அது அப்படியே இருந்தது.